வராமல் சேர்த்த காசு

ஊரில் இருந்த ஒரே வங்கியை இழுத்து மூடிய அன்று, ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மனசுக்குள் சந்தோஷப்பட்ட ஆள் ஒருத்திதான். அவளும் அன்றைக்கு ஊரில் இல்லை. கடல் தாண்டி, ஒரு பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைக்கூடத்தில், இஸ்திரி உருளைக்கு முன்னால் நின்று ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். மூழ்கிய பணத்தில் அவள் பணமும் இருந்தது. சொல்லப்போனால் அவள் பணம் மொத்தமும் அங்கேதான் இருந்தது.

மத்தியான இடைவேளையில் கணவன் கூப்பிட்டான். ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவன். வேலை நேரத்தில் போன் செய்கிற வழக்கமே அவனுக்குக் கிடையாது.

"பேங்க்க மூடிட்டாங்க" என்றான்.

"சாப்பாட்டுக்கா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த வங்கி சாப்பாட்டுக்கு மூடினால் சாயந்திரம்தான் திறக்கும். ஒரு கவுண்டர், ஒரு மேனேஜர், ஓடாத ஒரு கடிகாரம். பணம் கட்ட வருகிறவர்களை மேனேஜர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். பணம் எடுக்க வந்தால் மட்டும் காது கொஞ்சம் மந்தமாகிவிடும். அது ஏன் என்று இப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"மொத்தமா மூடிட்டாங்க. ஷட்டர்ல சீல் வெச்சு நோட்டீஸ் ஒட்டிருக்கான். ஊரே இங்கதான் நிக்குது. பால்காரர் ரோட்லயே உக்காந்துட்டாரு" என்றான். அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவன் அழுது அவள் கேட்டதில்லை. அவள் விமானம் ஏறிய அன்றுகூட அவன் பெட்டியின் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பணம் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அதை மகள் பேரில்தான் வைப்பாகப் போட்டிருந்தார்கள். மகள் அப்போது சின்னப் பெண். அவளுக்குக் காப்பாளராக அம்மா கையெழுத்துப் போட்டுத் திறந்த கணக்கு. பிள்ளைகள் கணக்கென்றால் வட்டி கொஞ்சம் கூட என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. கணவன் பேரில் பணம் இருந்தால் அவன் தம்பி கைமாற்று கேட்பான், இவன் முகத்துக்கு அஞ்சிக் கொடுப்பான். குழந்தை பேரில் இருக்கிற பணத்தை எந்தச் சித்தப்பனும் வாய்விட்டுக் கேட்க மாட்டான் இல்லையா? அந்தக் கணக்கு சரியாகத்தான் வேலை செய்தது.

மாசாமாசம் சம்பளத்தில் மிச்சப்படுத்தி அனுப்பியது ஒரு பாதி. மற்றப் பாதி, அவள் போகாத பயணங்கள். அந்த ஓட்டலில் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வர லீவும் டிக்கெட்டும் தருவார்கள். டிக்கெட் வேண்டாம் என்றால் அதைக் காசாக வாங்கிக்கொண்டு லீவு நாட்களிலும் வேலை பார்க்கலாம். முதல் தடவை அவள் போனாள். மகள் விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நன்றாகப் பழகி, மடியில் வந்து உட்கார ஆரம்பித்த வாரம் இவள் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அப்புறம் மூன்று தடவையும் காசாகவே வாங்கிவிட்டாள். "அடுத்த தடவை பாத்துக்கலாம், இந்தக் காசு டெபாசிட்ல விழுந்தா எவ்ளோ ஆகும் தெரியுமா" என்பான் கணவன். "ஆமாங்க" என்பாள் இவள். மகளிடம் மட்டும், ஓட்டல்காரர்கள் லீவு தர மறுக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லிவைத்தார்கள்.

வங்கி மூடியதும் வைப்புக் காப்பீட்டு ஆட்கள் வந்து, அந்த வங்கிக்குள்ளேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். வங்கி முழுகினாலும் ஒரு வரம்பு வரைக்கும் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது. இவர்கள் பணம் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டது. ஒரு காசு போகாது. கணவன் அதைச் சொன்னபோது அவன் குரலுக்கு உயிர் வந்திருந்தது.

"ஆனா ஒரு சிக்கல். சின்னப் பசங்க கணக்குன்னா, தொறந்த காப்பாளரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதை மறைக்க இருமினாள்.

"நேர்லயா?"

"இல்லன்னா அங்கயே தூதரகத்துல முத்திரை வாங்கி, எனக்கு அதிகாரம் குடுத்து ஒரு பத்திரம் அனுப்பணுமாம். அதப் பாரேன், டிக்கெட் செலவு மிச்சம்."

"ஐயோ, அதெல்லாம் லேசுல ஆகாதுங்க. மாசக்கணக்கா இழுத்தடிப்பாங்களாம். கடைசில ஒரு எழுத்து தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அவள் யாரிடமும் கேட்கவே இல்லை. சலவைக்கூடத்தில் கிழிந்த துணி தைக்கிற பெண், இவளை அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவள், போன வருஷம் அதே பத்திரத்தை ஒரே காலையில் வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டுக்கு முன்னால் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். அது இவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கதை அளந்தாள்.

"அப்ப வேற வழியில்ல. நீதான் வரணும்" என்றான் கணவன், பெருமூச்சோடு.

நீதான் வரணும். இந்த இரண்டு வார்த்தையை அவன் வாயால் கேட்க ஒரு வங்கி திவாலாக வேண்டியிருந்தது.

லீவு கேட்க சூப்பர்வைசரிடம் போனாள். எந்நேரமும் உருளையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று கத்துவதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர். "யாராவது செத்துப்போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"எங்க பேங்க்தான் செத்துப்போச்சு" என்றாள்.

மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். பணம் என்றதும் உடனே புரிந்துகொண்டார். "போய் வாங்கிட்டு வா, விடாதே" என்று தைரியம்கூடச் சொன்னார். அலுவலக ஜன்னலில் கொடுத்த தாளில் டிக்கெட்டா காசா என்று இரண்டு கட்டம் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவள் தொடாத கட்டத்தில் பேனாவை வைத்து அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்துபோனது.

அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. படுக்கை விரிப்பை மடிக்கும்போது எதிரே நிற்கிற தையல்காரியோடு முனையும் முனையும் சேர்க்க நடப்பாளே, அந்த நடையே துள்ளலாக இருந்தது. "மெதுவா வா அக்கா, இடிச்சுடப் போறே" என்று அவள் சிரித்தாள்.

சம்பளம் வந்ததும் கடைவீதிக்குப் போனார்கள். மகளுக்குச் செருப்பு வாங்க வேண்டும். கடைக்காரன் என்ன அளவு என்று கேட்டான். அவள் விழித்தாள். போனில் பார்க்கிற மகளுக்கு முகம் உண்டு, தோள் உண்டு, சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் உண்டு. கால் கிடையாது. அவள் எவ்வளவு உயரம் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. ஒரு தடவை கணவனிடம் கேட்டாள், "உங்க தோள் வரைக்கும் வருவாளா?" என்று. "என்னையே தாண்டிட்டா" என்று சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டாள்.

மகளிடமே கேட்கலாம்தான். ஆனால் அந்தப் பெண் போனில் பேசுகிற பேச்சு, 'ம்', 'சரி', 'சாப்ட்டேன்', 'வெக்கட்டுமா' என்ற நாலு வார்த்தைக்குள் அடங்கிவிடும். அம்மா வரப்போகிறாள் என்று தெரிந்த அன்றைக்கும் 'ஓ' என்று ஒரு எழுத்துதான் கூடியது. கோபமா, கூச்சமா, அக்கறையில்லையா, எதுவும் பிடிபடவில்லை. கடைசியில் செருப்பைத் தரையில் வைத்துத் தன் காலையே பக்கத்தில் வைத்துப் பார்த்து, கொஞ்சம் சின்னதாக ஒன்றை எடுத்தாள். பிள்ளையின் கால் அளவு தெரியாத தாய் என்று கடைக்காரன் நினைத்துக்கொண்டானோ என்னமோ. அவளே அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

இருந்தாலும் ஆசை அடங்கவில்லை. மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரிவிட வேண்டும். தூங்கும்போது பக்கத்தில் படுத்து, அந்தப் பிடரியில் மூக்கை வைத்துக்கொள்ள வேண்டும். பாத்திரம் ஏன் கழுவவில்லை என்று நேரில் நின்று திட்ட வேண்டும். மகள் பதிலுக்கு முறைக்க வேண்டும். இந்த வயசுக்கு ஒரு பெண் கதவைச் சாத்தினால் எவ்வளவு சத்தம் வரும் என்றுகூட அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஈரத் துணி உருளைக்குள் போய் ஆவி கிளம்பும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் யார் கண் எதனால் கலங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பயணத்துக்கு முந்தைய வாரம் கணவன் கூப்பிட்டான். குரலில் ஒரே உற்சாகம்.

"நல்ல சேதி. நீ வர வேண்டியதே இல்ல."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"காகிதமெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கலாமேன்னு பொண்ணக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அங்க இருக்கற இன்ஷூரன்ஸ் ஆபீசரம்மா பொறந்த தேதியப் பாத்துட்டு, 'இந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சே, காப்பாளர் எதுக்கு, அவளே கையெழுத்துப் போட்டா போதும்'னுட்டாங்க. நமக்குத் தோணவே இல்ல பாரு. நாளைக்குக் காலைல வரச் சொல்லிருக்காங்க."

பதினெட்டு. அந்தப் பிறந்தநாளுக்குப் பணம் அனுப்பியதே இவள்தான். போனில் வாழ்த்துச் சொன்னதும் இவள்தான். வாய் சொன்ன எண்ணிக்கை புத்திக்கு ஏறவில்லை. அவள் மனசில் மகள், அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் வளர்ந்ததை அம்மாவுக்கு ஒரு காப்பீட்டு அதிகாரி சொல்ல வேண்டியிருந்தது.

"டிக்கெட்ட மாத்திக் காசாக்கிடலாம்ல? இன்னும் நாள் இருக்கே?" என்றான் கணவன்.

முகத்தில் ஈயாடவில்லை. 'எனக்கு வரணும்' என்று சொல்ல இரண்டு நொடி ஆகியிருக்குமா? அதைச் சொல்லாமல் மென்று முழுங்கினாள்.

"சரிங்க" என்றாள்.

அவனையும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவனுக்கும் அவளைப் பார்க்க ஆசை இருந்தது. அதை அவன் மோட்டார் கம்பி மாதிரி இறுக்கிச் சுற்றி, மேலே வார்னிஷும் அடித்து மூடிவிட்டான். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தான். "செருப்பெல்லாம் வாங்கிட்டியா?" என்று கேட்டான். வாங்கிவிட்டேன் என்றாள். "பார்சல்ல போட்டுடு" என்றான். வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் தையல்காரி விஷயத்தைக் கேட்டு, கையில் இருந்த தலையணை உறையைத் தூக்கி மேசையில் போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? வரேன்னு சொல்ல வேண்டியதுதானே."

"எதுக்கு வரேன்னு கேட்டா?"

"புருஷனையும் பொண்ணையும் பாக்கன்னு சொல்லு."

"அதுக்குப் போயி யாராவது இவ்ளோ காசு செலவு பண்ணுவாங்களா?"

தையல்காரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எல்லாரும் அதுக்குத்தான்க்கா பண்ணுவாங்க" என்றாள்.

ஆசைக்காகச் செலவு செய்வது எப்படி என்றே மறந்துபோன வீடு அவர்களுடையது. ஒரு போன் பேசினால்கூடப் பணம் வந்ததா, கட்டணம் கட்டியாச்சா என்று ஒரு காரணம் வேண்டும். இந்தத் தடவை பெரிய காரணம் கையில் கிடைத்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

இடைவேளையில் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. சமையல்கட்டு ஆட்கள், வராந்தா துடைப்பவர்கள், வாசல் காவலர்கள். ஆளுக்கொரு தாள் கையில் வைத்திருந்தார்கள். அவளும் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். இரண்டு ஆள் நகர்ந்ததும் போன் அடித்தது. மகளின் எண்.

மகள் தானாகக் கூப்பிட்டதே இல்லை. அவசரமாக எடுத்தாள்.

"என்னடி? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"அப்பா உள்ள இருக்கார், பேங்க்ல. ஆபீசரம்மாவும் இருக்காங்க. ஃபார்ம்ல நான் கையெழுத்துப் போடணுமாம்."

"போடு. எதுக்கு யோசிக்கறே?"

"நான் வெளில வந்துட்டேன்."

பின்னால் தெருச் சத்தம் கேட்டது. ஒரு லாரி போய் முடியும்வரை மகள் காத்திருந்தாள்.

"பேங்க் மூடின அன்னிக்கு அப்பா ஷட்டர் முன்னாடி நின்னு அழுதார்மா. எல்லாரும் பாத்தாங்க. 'மூணு தடவ வராம சேத்த காசு, மூணு தடவ வராம சேத்த காசு'ன்னு அதையே சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அப்பப் புரியல."

இவள் கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தாள்.

"லீவு குடுக்க மாட்டாங்கன்னுதானே ரெண்டு பேரும் சொன்னீங்க?"

"ஆமா."

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவன் இவளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினான். இவள் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"அந்த ஓட்டல்காரங்கள நான் எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? நல்லா இருக்க மாட்டாங்கன்னு வேண்டிருக்கேன். பாவம் அவங்க" என்றாள் மகள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல். "உனக்கு வரணும்னே தோணலியாம்மா?"

"தோணிச்சு. தோணாத நாள் கிடையாது." சொல்ல ஆரம்பித்ததும் வார்த்தைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. "பேங்க் மூடிட்டாங்கன்னு உங்கப்பா அழறார், நான் இங்க சந்தோஷப்படறேன். நேர்ல வரணும்னு சொன்னதும், பத்திரம் அனுப்பினா போதும்னு தெரிஞ்சே முடியாதுன்னு பொய் சொன்னேன். உனக்குப் பதினெட்டு ஆயிடுச்சுன்னு சொன்னதும், நேத்து, அந்தக் கணக்குல ஒரு வருஷம் கொறையக் கூடாதான்னு நெனச்சேன்டி. எந்தத் தாயாவது அப்படி நெனப்பாளா?"

"டிக்கெட் இருக்கா இன்னும்?"

"கைல இருக்கு. காசாக்கறதுக்குத்தான் வரிசைல நிக்கறேன்."

"வெளில வா."

"வந்து? நான் வந்து என்ன பண்ணப்போறேன்? ஒரு கையெழுத்து. அதையும் நீயே போட்டுடலாம்னு ஆயிடுச்சு."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது" என்றாள் மகள்.

பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவள். கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதியவள். அப்பாவின் கடையில் சாமான் வந்தால் ரசீதில் கிறுக்கி வாங்குகிறவளும் அவள்தான்.

"என்னடி சொல்றே?"

"தெரியாதுன்னா தெரியாது. காசு வாங்க ரெண்டு வருஷம் டைம் இருக்காம், ஆபீசரம்மாவக் கேட்டுட்டேன்."

அதற்குள் அந்தப் பக்கம் கணவனின் குரல் கேட்டது. "இங்க என்ன பண்றே? எவ்ளோ நேரமா அவங்க காத்துட்டிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மகள் போனைக் காதிலிருந்து எடுத்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து கேட்டாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுப்பா. அம்மா வந்து சொல்லிக் குடுக்கட்டும்."

கணவன் என்ன சொல்லப்போகிறான் என்று இவள் காத்திருந்தாள். திட்டுவான் என்று நினைத்தாள். டிக்கெட், வட்டி, செலவு என்று ஆரம்பிப்பான் என்று நினைத்தாள். அவன் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது.

"அம்மாவ எந்த ஃப்ளைட்டுன்னு கேளு" என்றான்.

ஜன்னலுக்குள் இருந்தவர் அடுத்த ஆள் என்று கூப்பிட்டார். அடுத்த ஆள் இவள்தான். பின்னால் நின்றவனிடம் நீங்க போங்க என்று கையைக் காட்டிவிட்டு, டிக்கெட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் வரிசையை விட்டு விலகினாள்.